ஆணி இல்லாமல், முட்டை இல்லாமல்

எங்கள் நைனா வீட்டின் பக்கத்துப் போர்ஷனை வாடகைக்கு விடும்போது இரண்டே நிபந்தனைதான் போடுவார். ஒன்று, வீட்டுக்குள் கவிச்சி கூடாது. இன்னொன்று, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. முதலாவதற்குக் காரணம் உண்டு. நாங்கள் சமணர்கள், முட்டை வாசனையே ஆகாது. இரண்டாவதற்குக் காரணம் நைனாதான். அது அவரே பக்கத்தில் நின்று பூசவைத்த சுண்ணாம்புச் சுவர். அதில் ஒருவன் ஆணியை வைத்துத் தட்டினால் அவருக்குத் தன் மண்டையில் தட்டுவதுபோல் இருக்கும்.

கவிச்சி கூடாது என்றால் ஒத்துக்கொள்கிறவர்கள்கூட ஆணிக்கு மல்லுக்கு நிற்பார்கள். சாமி படத்தை எங்கே மாட்டுவது, சட்டையை எங்கே மாட்டுவது என்று ஆரம்பிப்பார்கள். செஞ்சிக்கு ஏரி வேலைக்காக மாற்றலாகி வந்த ஓவர்சியரும் அப்படித்தான் ஆரம்பித்தார். அவர் சம்சாரம் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, "ஆணி இல்லேன்னா இன்னா? ஆணி இல்லாமயே மாட்டிக்கலாம்" என்று சிரித்தாள். அது சமாளிப்புச் சிரிப்பு இல்லை. பரிசுச் சீட்டு விழுந்தவள் சிரிக்கிற சிரிப்பு.

அந்த அக்காவுக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் ஓவர்சியரம்மா, எனக்கு அக்கா. முப்பது, முப்பத்திரண்டு வயசு இருக்கும். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவள். நெட்டை, நடந்தால் வேகம், பேசினால் அதைவிட வேகம்.

சாமான் வந்த கட்டை வண்டியைப் பார்த்துத் தெருவே வாயைப் பிளந்தது. பீரோ இல்லை, கட்டில் இல்லை. வண்டி நிறையச் செடி. மண் தொட்டி, உடைந்த பானை, எண்ணெய் டின், மருந்து பாட்டில், எல்லாவற்றிலும் செடி. அவை தோட்டத்துக்குப் போகும் என்றுதான் நினைத்தோம். அக்கா ஒவ்வொன்றாக வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனாள்.

"ஊட்டுக்குள்ள செடி வெச்சா பாம்பு வரும்மா. மலையடிவார ஊரு இது" என்று அம்மா எச்சரித்தாள்.

"வரட்டும் விடுங்க. அதுவும் வெயில்ல எங்க போவும்?"

அம்மாவுக்கு அன்றிலிருந்து ஒரு மாசம் தூக்கம் சரியில்லை.

ஒரு வாரம் கழித்து நைனா சுவரைச் சோதிக்கப் போனார். சோதனை என்று சொல்ல மாட்டார். "ஓடு ஒழுவுதா பாக்கறேன்" என்பார். நானும் பின்னாலேயே போனேன். உள்ளே நுழைந்ததும் அது எங்கள் வீட்டின் பாதிதானா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மேலே உத்திரத்தில் தேங்காய் நார்க் கயிறு கட்டி, அதில் வரிசையாகப் படங்கள் தொங்கின. ஜன்னல் கம்பியில் பழைய புடவையின் ஜரிகைக் கரையை மட்டும் வெட்டித் தைத்த திரை. மூங்கில் தப்பைகளை ஏணிபோல் கட்டிச் சுவரில் சாய்த்து, அதன் படிகளில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஊற்றி மணி பிளாண்ட் விட்டிருந்தாள். அது மண்ணே இல்லாமல் தழைத்துக் கிடந்தது. கரண்டு பல்புக்குக் கலர்க் காகிதத்தில் குடை. மூலையில் ஒரு மண் தொட்டியில், மலையில் பாறை இடுக்கில் கேட்பாரற்றுக் கிடக்கும் மருள், ஏதோ ராஜா வீட்டுச் செடிபோல் நிமிர்ந்து நின்றது.

நைனா உள்ளங்கையால் நாலு சுவரையும் தடவிப் பார்த்தார். ஒரு பொத்தல் கிடையாது. தடவி முடித்துவிட்டு, வந்த வேலை மறந்துபோனவர் மாதிரி கொஞ்ச நேரம் நின்றார்.

"நல்லா இருக்குதும்மா" என்றார் கடைசியில். என் நைனா வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதிகம் கேட்டதில்லை. எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

எதையாவது கிடையாது என்று சொல்லிவிட்டால் அக்காவுக்குக் குஷி பிறந்துவிடும். இதுதான் அவள் குணம். ரேஷனில் சர்க்கரை வரவில்லை என்றால் மற்றவர்கள் கடைக்காரனைத் திட்டுவார்கள். இவள் முந்தானையைச் செருகிக்கொண்டு வெல்லத்தைத் தட்டுவாள். இதில் மற்றவர்கள் பாடு திண்டாட்டம்தான். ஒரு சமயம் காப்பிக் கொட்டை கிடைக்கவில்லை என்று கோதுமையை வறுத்து அரைத்து எங்களுக்குக் காப்பி கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டு என் அம்மா, "காப்பியே குடுக்காம இருந்திருக்கலாம்" என்றாள். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "அது கூட ஒரு வழிதான்" என்று அவளும் சேர்ந்து சிரித்தாள். கவிச்சிக்குத்தான் மாற்று கிடையாதே! பாவம், ஓவர்சியர். அவர் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் விழுப்புரம் போய்விட்டு, வெற்றிலை போட்ட வாயோடு திரும்புவார். எதற்குப் போனார் என்று நைனா ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவள் அந்தப் பேச்சைப் பேசி நான் கேட்டதில்லை. தெருக் கிணற்றடியில் எதிர்வீட்டுப் பெண்கள், "இன்னும் ஒண்ணும் இல்லியா?" என்று கேட்பார்கள். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. "இல்லீங்க" என்பாள். "இல்லேன்னா இன்னா" என்று சொல்ல மாட்டாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், ஏற்கெனவே ஈரமாக இருக்கும் செடிகளுக்கு மறுபடி தண்ணீர் ஊற்றுவாள். அப்போது பக்கத்தில் போய் நின்றால்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டாள். எனக்கு அந்தக் கிணற்றடிப் பெண்களின் தலைமுடியைப் பிடித்து உலுக்கவேண்டும் என்று இருக்கும்.

என் கதை வேறு மாதிரி. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. எங்கள் பக்கத்தில் அது தாண்டிப்போன வயசு. மூன்று இடத்திலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று பேரும் சொஜ்ஜியை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். காரணம் கறுப்பு என்றார்கள். வாய் ஜாஸ்தி என்றும் சொன்னார்கள். கறுப்புக்கு நான் என்ன செய்ய முடியும்? வாய்க்கு ஏதாவது செய்திருக்கலாம். செய்யவில்லை.

நாலாவதாகத் தொண்டூரிலிருந்து ஒரு இடம் வந்தது. பையனுக்கு மெட்ராஸில் குமாஸ்தா வேலை. நைனா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "இதுவும் தட்டிப் போச்சுன்னா, அனந்தபுரத்தாருக்கே பேசி முடிச்சுடுவேன். அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது." அனந்தபுரத்தார் என்பவர் பெண்டாட்டியை இழந்தவர். அவருடைய மூத்த மகளுக்கு என்னைவிட இரண்டு வயசுதான் குறைவு. நான் தோட்டத்துக் கிணற்றடியில் போய் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அழுகை வந்தால் சத்தமும் கூடவே வரும். மதில் மேல் அக்காவின் தலை தெரிந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள்.

"சொஜ்ஜி தின்னவங்க எல்லாம் வேணான்னுட்டுப் பூட்டாங்க. இந்தத் தபா சொஜ்ஜி வேணாம். கேக்கு செய்வோம்."

எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. "எங்க ஊட்ல முட்டை கூடாதுக்கா."

அவள் முகம் மலர்ந்ததே, அதைச் சொல்ல வேண்டும். "முட்டை இல்லேன்னா இன்னா? முட்டை இல்லாமயே செய்யலாம். எங்க தங்கவயல்ல எத்தினி தபா செஞ்சிருக்கேன்!"

அம்மாவைச் சம்மதிக்கவைக்க இரண்டு நாள் ஆயிற்று. பாத்திரம் எங்களுடையது, தண்ணீர் நாங்கள் வடிகட்டியது, அடுப்பு எங்கள் தோட்டத்தில், கலக்குகிறவள் நான் என்று நைனாவை மிஞ்சி நிபந்தனை போட்டாள். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். மைதா கிடைக்கவில்லை, கோதுமை மாவு. சர்க்கரை இல்லை, வெல்லம். முட்டைக்குப் பதில் தயிரும் ஆப்ப சோடாவும்.

"மைதா இல்ல, சக்கரை இல்ல, முட்டை இல்ல. அப்ப அதுல இன்னாதான் இருக்குது?" என்றாள் அம்மா.

"ஏலக்காய் இருக்குதுங்களே" என்றாள் அக்கா.

தொண்டூரார் வருவதாகச் சொன்ன அன்று அக்கா காலையிலேயே தன் செடிகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் கூடத்துக்கு வந்துவிட்டாள். உத்திரத்தில் கயிறு, கயிற்றில் பாட்டில், ஜன்னலுக்கு ஜரிகைத் திரை. வந்தவர்கள் உட்காரும் பாய்க்குப் பக்கத்தில், சேம்பு இலைபோல் இருந்து நடுவில் மட்டும் ரத்தச் சிவப்பாகப் புள்ளி தெளித்த ஒரு செடி. அவளிடம் இருந்ததிலேயே அதுதான் அழகு. இருபது வருஷமாகப் பார்த்த எங்கள் கூடத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிற மாதிரி இருந்தது.

மூன்று மணிக்கு வரவேண்டியவர்களைக் காணோம். சூடாகக் கொடுக்கலாம் என்று நாலு மணிக்கு மேல்தான் மாவைக் கலக்கினேன். அடுப்பில் இரும்புச் சட்டி வைத்து, ஆற்று மணலைக் கொட்டிச் சூடேற்றி, அதன் நடுவில் ஈயம் பூசிய பாத்திரத்தை இறக்கினோம். மேலே இரும்புத் தட்டைப் போட்டு மூடி, அதன்மேல் தணலை வாரிப் பரப்பினாள் அக்கா. "மேலயும் நெருப்பு, கீழயும் நெருப்பு. இனிமே தொறந்து பாக்கக் கூடாது. பாத்தா உக்காந்துடும்." வாசனை மதிலைத் தாண்டிப் போயிற்று. நான் புடவை மாற்றப் போனேன்.

தொண்டூரார் அப்போதும் வரவில்லை. பஸ் வழியில் நின்றுவிட்டதாம். வந்து சேரும்போது சூரியன் ராஜகிரி மலைக்கு மேல் ஒரு முழம்தான் இருந்தது. எங்களவர்கள் பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள் உண்டு. எங்கள் ஊரில் மற்ற ஊர்களைவிட முன்னாலேயே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். போய்விட்டால் அம்மாவுக்கு அவ்வளவுதான், அஸ்தமனம்.

"எடுத்துடு, எடுத்துடு, பொழுது போவுது" என்று அம்மா தோட்டத்தில் குதித்தாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்கட்டுங்க" என்ற அக்காவை அவள் கேட்கவில்லை. பாத்திரம் இறங்கியது. மேலே பொன்னிறமாக எழும்பி, பார்க்க ரொம்ப லட்சணமாக இருந்தது. அக்கா துண்டு போட்டாள். நடுத்துண்டு மாப்பிள்ளைக்கு என்று தனித் தட்டில் வைத்தாள்.

வந்தது மூன்று பேர். பையன், அவனுடைய பெரியப்பா, பெரியம்மா. தாயில்லாத பையனை வளர்த்தவள் அந்தப் பெரியம்மாதான் என்பதால் அவள் வைத்ததுதான் சட்டம். உள்ளே வந்ததிலிருந்து அவள் கண் செடிகள் மேலேயே இருந்தது. நான் தட்டுகளை வைத்து, நமஸ்காரம் பண்ணிவிட்டுக் கதவோரம் போய் நின்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சிவப்புப் புள்ளிச் செடியை நாலு பார்வை பார்த்தாள்.

"இது இன்னா செடி, இவ்ளோ சோக்கா இருக்குது? நாங்க ஒரு கன்னு எடுத்துக்கினு போறோம்" என்றாள். கேட்டுவிட்டுக் காத்திருக்கவில்லை. குனிந்து, ஓரமாகக் கிளம்பியிருந்த ஒரு பக்கக் கன்றைப் பிடித்து வேரோடு இழுத்தாள்.

கன்று வந்தது. வேரோடு பாதி முட்டை ஓடு ஒன்றும் வந்தது.

வேர் அந்த ஓட்டுக்குள் நுழைந்து நன்றாகப் பற்றிக்கொண்டிருந்தது. பெரியம்மா அதைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். அனந்தபுரத்தாரின் மீசை என் கண் முன்னால் வந்து நின்றது.

நைனாதான் முதலில் வாய் திறந்தார். "கு... குருவி. குருவி முட்டையா இருக்கும். மேல கூரை ஓட்டுல கூடு கட்டுது."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. அவ்வளவு பெரிய முட்டை இட்டால் அந்தக் குருவி பிழைக்குமா?

"குருவி இல்லீங்க. கோழி" என்றாள் அக்கா.

சமையலறை வாசலிலிருந்து நேராக நடுக்கூடத்துக்கு வந்துவிட்டாள். "செடி என்னுது. பக்கத்துப் போர்ஷன்ல குடியிருக்கறேன். கடைத்தெருவுல பாய் கடையில ஒடச்சிப் போட்ட ஓட்ட வாங்கியாந்து, கழுவி, தொட்டிக்கு அடியில போடுவேன். செடி நல்லா வரும். இவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா என்ன ஊட்ட காலி பண்ணச் சொல்லிடுவாங்க."

நைனாவின் வாய் திறந்தபடியே இருந்தது. பெரியம்மா கன்றைத் தரையில் வைத்தாள். அவள் பார்வை மெதுவாகத் தட்டுக்குப் போயிற்று.

"இந்தக் கேக்கும் நீ செஞ்சதுதானா?"

"ஆமாங்க. ஆனா முட்டை போடல."

"முட்டை போடாம கேக்கு ஏது? ஏண்டா, மெட்ராஸ்ல எங்கயாச்சும் விக்குதா?" என்று பையனைக் கேட்டாள். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா அழுகிற குரலில், "எங்க பாத்திரம், எங்க தண்ணிங்க" என்று ஆரம்பித்தாள். "நீ உம் பொண்ணுக்குத் தக்கனதான் சொல்லுவே" என்று அவளையும் அடக்கிவிட்டாள் பெரியம்மா. பெரியப்பா செருப்பைத் தேடினார்.

போகட்டும் என்று ஆகிவிட்டது எனக்கு. ஏற்கெனவே வாய் ஜாஸ்தி என்று பெயர் வாங்கியவள்தானே! கதவோரத்தை விட்டு முன்னால் வந்தேன்.

"மாவு கலக்கினது நாந்தான். இந்தக் கையாலதான் கலக்கினேன். அதுல முட்டை இல்ல. அந்த அக்கா பொய் சொல்றவங்களா இருந்தா இப்ப குருவின்னே சொல்லிட்டுப் போயிருப்பாங்க. நம்பினா சாப்புடுங்க. இல்லாட்டி உடுங்க."

"ஐயையோ" என்று அம்மா சுவரில் சாய்ந்தாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் பேசினாலே குற்றம். நான் சண்டையே போட்டுவிட்டேன்.

அப்போதுதான் பையன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். வெயில் நிலைப்படியில் ஒரு விரல் அளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. "பெரிம்மா, பொழுது எறங்கப் போவுது. அப்புறம் நம்பினாலும் சாப்ட முடியாது" என்றான். சொல்லிவிட்டுத் தட்டை இழுத்து, நடுத்துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். மென்றான். முழுங்கினான். தண்ணீர் குடித்தான். பிறகு, யாரும் சொல்லாமலே, பக்கத்திலிருந்த பெரியம்மா தட்டிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து அதையும் தின்றான்.

"எப்பிடிடா இருக்குது?" என்றாள் பெரியம்மா.

"நல்லா இருக்குது" என்றான் என்னைப் பார்த்து.

பெரியம்மா அவனையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். பிறகு தரையில் கிடந்த கன்றைக் காலால் அக்கா பக்கம் தள்ளி, "அந்தக் கருமத்தப் புடுங்கிப் போட்டுட்டு, வேர நல்லா அலசிக் குடு. எடுத்துக்கினு போறேன்" என்றாள். புறப்படும்போது நைனாவிடம், "வர்ற ஞாயித்துக்கெழம எங்க ஊருக்கு வாங்க, பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர்கள் தெருமுனை திரும்புகிறவரை யாரும் அசையவில்லை. திரும்பியதும் நைனா தொப்பென்று பாயில் உட்கார்ந்து துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். அம்மா எல்லாத் தீர்த்தங்கரரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டாள். நான் அக்காவைக் கட்டிக்கொண்டேன். அவளுக்கு உடம்பெல்லாம் வெடவெட என்று நடுங்கிக்கொண்டிருந்தது. அத்தனை பேருக்கும் நடுவில் அவ்வளவு நிமிர்ந்து நின்றவளுக்கு!

"எனக்கு உசிரே இல்ல கண்ணு. தங்கவயல்ல செஞ்சேன்னு சொன்னது முட்டை போட்ட கேக்கு. முட்டை இல்லாம இன்னிக்கிதான் மொதத் தபா" என்றாள்.

அடிப்பாவி! தன்னைப் பொய் சொல்லாதவள் என்று என்னைச் சாட்சி சொல்லவைத்துவிட்டாளே! அவளைக் கிள்ளினேன். அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். நைனாகூடத் துண்டுக்குள் குலுங்கினார்.

மலைக்குப் பின்னால் சூரியன் போய்விட்டிருந்தது. மீதிக் கேக்கு தட்டில் இருந்தது. எங்களில் யாரும் தொட முடியாது.

"நான் தின்னலாம் இல்ல?" என்று கேட்டுவிட்டு அக்கா நடுப்பக்கத்துத் துண்டு ஒன்றை எடுத்துக் கடித்தாள். நாங்கள் மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு தடவை மென்றவள் அப்படியே நின்றுவிட்டாள். கண் பெரிதானது. கஷ்டப்பட்டு முழுங்கினாள்.

"இன்னாக்கா?"

"நடுவுல வேகவே இல்ல கண்ணு. பச்ச மாவு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா கையில் இருந்த மீதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். அப்புறம் என் முகவாயைப் பிடித்துத் தூக்கினாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"இதப் போயி அந்த மனுசன் ரெண்டு துண்டு தின்னாரே! நல்லா இருக்குதுன்னு வேற சொன்னாரே! நீ ஒண்ணும் ரோசன பண்ணாத. கண்ண மூடிக்கினு கட்டிக்கோ."

கட்டிக்கொண்டேன்.